வரைபட மேசையிலிருந்து நிலவறை வரை: தளபதி பவுலஸ் பற்றிக் கேள்வி பதில்

இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மன் படையில் பணியாற்றிய ஃபிரீட்ரிக் பவுலஸைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல், இரண்டாம் உலகப் போரில் இவருடைய படை சிக்கிக்கொண்ட சோவியத் நகரமான ஸ்டாலின்கிராட் பற்றிய கேள்விகள்தாம். அங்கே போவதற்கு முன் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: ஐயா, சில நூல்களில் 'ஃபான் பவுலஸ்' என்று போட்டிருக்கிறார்களே, எது சரி?

வெறும் பவுலஸ்தான். 'ஃபான்' பிரபு குடும்பத்து அடையாளம். இவருக்கு அது கிடையாது. 1890-இல் ஹெஸ்ஸே பகுதியில் ஒரு கணக்கரின் மகனாகப் பிறந்தார். கடற்படை அதிகாரியாக ஆசைப்பட்டார், சேர்த்துக்கொள்ளவில்லை. மார்பூர்க்கில் சிறிது காலம் சட்டம் படித்துவிட்டு 1910-இல் காலாட்படைக்கு வந்தார். பிரபு வம்சம் மனைவி வழியில் வந்தது: 1912-இல் மணந்துகொண்ட எலெனா ருமேனிய உயர்குடிப் பெண். ஆனால் இவருடைய தோரணையைச் சொல்ல வேண்டும். அழுக்குப் படக்கூடாதென்று கையுறை, ஒரு நாளில் இரண்டு முறை குளியல், இரண்டு முறை உடை மாற்றம். சக அதிகாரிகள் 'பிரபு' என்றே கேலி செய்தார்கள். ஆளைப் பார்த்தவர்கள் தாங்களாகவே ஒரு 'ஃபானை' ஒட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: முதல் உலகப் போரில் ஏதாவது சாகசம் உண்டா?

சொல்லும்படி இல்லை. பிரான்சு, ருமேனியா, வெர்டன் என்று பல முனைகளில் இருந்தார், கேப்டனாக முடித்தார். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் படையை ஒரு லட்சம் பேராகச் சுருக்கியபோது 4,000 அதிகாரிகளுக்குத்தான் இடம் இருந்தது. அதில் இவரும் ஒருவர். பிறகு ஸ்டுட்கார்ட்டில் ஒரே படைப்பிரிவில் இவரிடம் ஒரு கம்பெனி, பின்னாளில் ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் பெயர் பெற்ற ரோமலிடம் ஒரு கம்பெனி. 1941 ஏப்ரலில் ஆப்பிரிக்காவில் ரோமல் கட்டுக்கடங்காமல் போகிறார் என்று மேலிடம் பதறியபோது, நேரில் பார்த்துவர அனுப்பியது இவரைத்தான்.

கேள்வி: ரஷ்யப் படையெடுப்புத் திட்டம் இவர் தீட்டியது என்பது உண்மையா?

தனியாக இல்லை, ஆனால் முக்கியப் பங்கு உண்டு. 1940 செப்டம்பரில் தரைப்படைத் தலைமையகத்தில் தலைமை அதிகாரி ஹால்டருக்குத் துணையானார். ஆண்டு முடிவதற்குள் வரைபடத்தில் அந்தப் போரை நடத்திப் பார்க்கும் ஒத்திகையை இவரே நடத்தினார். இது நியாயமற்ற போர் என்று எலெனா வீட்டில் வாதாடினாராம். வேலை நிற்கவில்லை.

கேள்வி: அண்ணா, இவ்வளவு திறமைசாலி பிறகு ஏன் தடுமாறினார்?

திறமை எந்த நாற்காலிக்கானது என்று பார்க்க வேண்டும், தம்பி. இன்னொருவரின் முடிவை ஓட்டையில்லாத திட்டமாக மாற்றித் தருவதில் இவருக்கு நிகர் குறைவு. தானே முடிவெடுக்கும் இடத்துக்கு இவர் பழக்கப்படவில்லை. 1930-களில் ஒரு மோட்டார் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார், அவ்வளவுதான். பட்டாலியனைவிடப் பல மடங்கு பெரிய டிவிஷனையோ, பல டிவிஷன்கள் சேர்ந்த கோரையோ ஒரு நாள்கூட நடத்தாதவரிடம் 1942 ஜனவரியில் ஆறாவது படையை முழுதாகக் கொடுத்தார்கள். அதற்கு முன் அதை நடத்திய ரைஷெனாவ் முரட்டு நாஜி. அவரிடம் தலைமை அதிகாரியாக இருந்தவர் பவுலஸ். அந்த இணை ஓடியது, ஏனென்றால் முடிவு அவருடையது, கணக்கு இவருடையது.

ரைஷெனாவ் பிறப்பித்த யூத விரோத ஆணையைப் பவுலஸ் ரத்து செய்தார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கீவ் நகருக்கு அருகே யூதர்களைக் கொன்று குவித்த பாபி யார் படுகொலை இவர் வருவதற்கு முன் நடந்தது. ஆனால் அந்த நிலங்களுக்கெல்லாம் வழி திறந்த திட்டத்தில் இவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

கேள்வி: முற்றுகையை உடைத்துக்கொண்டு ஏன் வெளியே வரவில்லை? இதுதான் என் முக்கியமான சந்தேகம்.

தேதிகளைப் பாருங்கள். ஆறாவது படை ஸ்டாலின்கிராடில் சண்டையிட்டுக்கொண்டிருக்க, 1942 நவம்பர் 19-இல் சோவியத் தாக்குதல் தொடங்குகிறது. அடி விழுந்தது பக்கவாட்டில் நின்ற ருமேனியப் படைகள்மீது. 23-இல் வளையம் மூடிவிட்டது. இடையில் 22-ஆம் தேதியே 'எனக்குச் செயல் சுதந்திரம் கொடுங்கள்' என்று செய்தி அனுப்பினார், மறுநாளும் கேட்டார். 24-இல் ஹிட்லரின் பதில்: அங்கேயே நில்லுங்கள், விமானத்தில் உணவு வரும். படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 500 டன் தேவை. வந்து சேர்ந்தது சராசரியாக 100 டன்னை ஒட்டியே. குதிரைகளை வெட்டித் தின்றார்கள்.

மறுநாள், 25-ஆம் தேதி, இவருக்குக் கீழிருந்த தளபதி சைட்லிட்ஸ் எழுத்திலேயே கேட்டார்: உத்தரவு இல்லாவிட்டாலும் புறப்படுவோம். எரிபொருளும் ஆளும் ஓரளவு மிச்சமிருந்த நேரம் அது. பவுலஸ் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். டிசம்பரில் ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் மான்ஸ்டைனின் மீட்புப் படை சுமார் 48 கிலோமீட்டர் தொலைவு வரை வந்தது. அப்போது டாங்கிகளிடம் 30 கிலோமீட்டர் ஓடத்தான் எரிபொருள். மான்ஸ்டைனும் தெளிவாகக் 'கிளம்பு' என்று சொல்லவில்லை. பழியை மட்டும் பிற்பாடு இவர்மீது ஏற்றினார். என் கருத்தில் டிசம்பரைப் பேசுவது வீண். தவறியது நவம்பரின் அந்த மூன்று நாட்கள்.

கேள்வி: கடைசி நேரத்தில் ஃபீல்ட் மார்ஷல் பதவி எதற்கு?

தற்கொலை செய்துகொள் என்பதற்கான மரியாதையான குறிப்பு அது. ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் எவரும் உயிரோடு சரணடைந்ததில்லை என்பது ஹிட்லரின் கணக்கு. ஜனவரி 30-இல் பதவி. 31 காலையில் யுனிவர்மாக் பல்பொருள் அங்காடியின் நிலவறையில் ரஷ்யர்கள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். பிடித்துச் சென்ற இடத்தில் ஜெனரல் ஷுமிலோவ் ஆவணம் கேட்டார். தன் ராணுவச் சம்பளப் புத்தகத்தை எடுத்து நீட்டினார் பவுலஸ். அதில் புதிய பதவி ஏறியிருக்கவில்லை; தான் இப்போது ஃபீல்ட் மார்ஷல் என்று வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: சோவியத் பக்கம் சேர்ந்து ஹிட்லருக்கு எதிராகப் பேசியது துரோகம் இல்லையா?

துரோகம் என்று சொல்ல மாட்டேன், தாமதம் என்பேன். ஒன்றரை ஆண்டு மறுத்தவர், 1944 ஆகஸ்ட் 8-இல்தான் வாய் திறந்தார். ஹிட்லரைக் கொல்ல நடந்த ஜூலை 20 சதியில் சிக்கிய ஃபீல்ட் மார்ஷல் விட்ஸ்லேபனைத் தூக்கிலிட்டதும் அதே நாள்தான். வீட்டார் கைதானார்கள். ஒரு மகன் அதற்கு முன்பே இத்தாலிய முனையில் இறந்திருந்தான். எலெனா 1949-இல் காலமானார். கணவரை மறுபடி பார்க்கவே இல்லை. இவர் 1953-இல் விடுதலையாகி டிரெஸ்டனில் குடியேறி 1957-இல் இறந்தார்.

கேள்வி: அவரோடு பிடிபட்ட வீரர்கள் என்ன ஆனார்கள்?

சிறைப்பட்டவர்கள் சுமார் 91,000 பேர். பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் பெரும்பாலோர் 1943 வசந்த காலத்துக்குள்ளேயே இறந்துவிட்டார்கள். 1946 பிப்ரவரியில் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையில் சாட்சி சொல்ல வந்த பவுலஸிடம் ஒரு பத்திரிகையாளர் இதையே கேட்டார். உங்கள் பிள்ளைகளும் கணவர்களும் நலமாக இருக்கிறார்கள் என்று தாய்மார்களுக்கும் மனைவிமாருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். கடைசித் தொகுதி 1955-இல் வந்தது.