சிஸ்டரிடம் கேளுங்கள்: திரிப்போலியில் 14 மாதம்

போன இதழில் நான் லிபியாவில் டயாலிசிஸ் நர்ஸாக இருந்ததைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கே ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊரைப் பிடிக்க 14 மாதம் சண்டை போட்டும் பிடிக்க முடியவில்லை என்றால், அது என்ன சண்டை சிஸ்டர்?
— வாசகர், கருங்கல்

இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றுதான் எங்கள் ஹாஸ்டலிலும் பேசிக்கொண்டோம். கிழக்கு லிபியாவைக் கையில் வைத்திருந்த கலீஃபா ஹஃப்தர், 2019 ஏப்ரல் 4 அன்று தலைநகர் திரிப்போலிக்குப் படையை அனுப்பினார். ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டேரஸ் அப்போது லிபியாவில்தான் இருந்தார். பத்து நாளில் சமாதான மாநாடு கூடுவதாக ஏற்பாடு. அது அப்படியே போயிற்று.

திரிப்போலிக்குள் இருந்த ஆயுதக் குழுக்கள் ஒன்றுக்கொன்று ஆகாதவை. படை வந்தால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்பது ஹஃப்தர் பக்கத்துக் கணக்கு. ஆனால் வரப்புத் தகராறில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகூட வெளியாள் வந்தால் ஒன்றாக வந்து நிற்பார்களே, அதுதான் நடந்தது. மிஸ்ராத்தா நகரத்துப் படையும் வந்து சேர்ந்தது. ஐன் ஸாரா, வாதி ரபீஆ, சலாஹுத்தீன் என்று தெற்குப் புறநகர்களில் சண்டை அப்படியே நின்றுவிட்டது. ஊர் நடுவிலிருந்து 10, 15 கிலோமீட்டர் இருக்கும். தக்கலையில் பீரங்கி வெடிக்கிறது, நாகர்கோவிலில் ஜவுளிக்கடை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹஃப்தரின் பெங்காசி அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். சாமான் வந்து இறங்கிய கரியான் நகரத்தை ஜூன் கடைசியில் அவர் ஆட்கள் பறிகொடுத்தார்கள். அதோடு ஓய்ந்திருக்க வேண்டியது. வெளிநாட்டுக்காரர்கள் விடவில்லை. திரிப்போலிப் பக்கம் துருக்கி ட்ரோன், ஹஃப்தர் பக்கம் எமிரேட்ஸ் அனுப்பிய ட்ரோன், அப்புறம் ரஷ்யக் கூலிப்படை. 2020 ஜனவரியில் துருக்கி திரிப்போலிக்காக நேரடியாகவே இறங்கியது. மே 18 அன்று ஹஃப்தர் ஆட்கள் வைத்திருந்த வதியா விமான தளம் திரிப்போலிப் படையின் கைக்கு மாறியது, ஜூன் 5 அன்று அவர்கள் பிடியிலிருந்த தர்ஹூனா நகரமும். அதோடு திரிப்போலிச் சண்டை முடிந்தது.

யார் பக்கம் நியாயம்?
— வாசகர், குலசேகரம்

ஐ.நா. அங்கீகரித்த அரசு திரிப்போலியில் இருந்தது, படையெடுத்து வந்தது மற்றவர். அது வரைக்கும் தெளிவு. தர்ஹூனாவில் பிறகு தோண்டத் தோண்டப் புதைகுழிகள் கிடைத்தன. ஆனால் அதே தர்ஹூனாவுக்குள் ஜெயித்து நுழைந்தவர்களும் வீடுகளைக் கொள்ளையடித்தார்கள். இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

குண்டு விழுகிற ஊரில் ஆஸ்பத்திரி எப்படி நடக்கும்? பயமாக இருக்காதா?
— நர்சிங் மாணவி, மார்த்தாண்டம்

பயம் முதல் மாதம் இருந்தது மக்களே. அப்புறம் வேலை. மோர்ட்டாருக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஹாவுன். அரபியில் இடிக்கிற உரலுக்கும் அதே சொல்தான். சத்தமும் அப்படித்தான் கேட்கும், பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிப்பது மாதிரி. ஜன்னலை விட்டுக் கட்டிலை எல்லாம் தள்ளிப் போட்டோம். கண்ணாடிகளில் பிளாஸ்திரியைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டினோம்.

டயாலிசிஸ் நோயாளிக்கு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். யுத்தம் என்று லீவு விட முடியாது. ஐன் ஸாராவிலிருந்து ஒரு ஹாஜா (வயதான அம்மாக்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அறுபது வயதுக்கு மேல், காலை ஏழு மணி ஷிப்டுக்கு மகனோடு காரில் வருவார். எட்டு மணிக்கு வந்தால் ஒரு ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பத்து மணி என்றால் சண்டை நகர்ந்திருக்கிறது. டிவி செய்தியைவிட எனக்கு அதுதான் நம்பகம். ஒரு முறை ஐந்து நாள் வரவே இல்லை. வந்தபோது தராசில் ஆறு கிலோ கூடுதல், அத்தனையும் தண்ணீர். படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே மெஷினில் போட்டோம். அத்தனை தண்ணீரையும் ஒரே தடவையில் இழுத்தால் பிரஷர் இறங்கிவிடும். அன்று மூன்று கிலோ எடுத்து, மீதிக்கு மறுநாள் வரச் சொன்னேன். "நாளை ரோடு இருந்தால்" என்றார்.

பிறகு ஐன் ஸாராவை விட்டு ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து தங்கினார்கள். அந்தச் சண்டையில் வீட்டை விட்டவர்கள் 1.5 லட்சத்துக்கும் மேல்.

குண்டைவிட என்னை உலுக்கியது 2020 ஏப்ரல். திரிப்போலிக்கு வரும் பெரிய பாலைவனக் குழாய்த் தண்ணீரை ஒரு ஆயுதக் கும்பல் அடைத்துவிட்டது. கொரோனா வந்து கையைக் கழுவு, கையைக் கழுவு என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஒரு நோயாளிக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய, சுத்திகரித்த தண்ணீர் மட்டும் 120 லிட்டர் வேண்டும். டேங்கர் வரும் வரை டேங்கின் அளவுக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நாலு மணி நேரத்தை இரண்டரையாகக் குறைத்து எல்லாருக்கும் பங்கு வைத்தோம். அந்த மாதக் கடைசியில் நோன்பு தொடங்கியது. பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம், தொடாதீர்கள் என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்வது என் வேலை. ஹாஜா சிரித்தார். "குண்டு சாப்பிடலாமா?"

அப்படியென்றால் ஏன் ஊருக்கு வரவில்லை? பணத்தாசையா?
— பெயர் வேண்டாம், குளச்சல்

இருக்கலாம் தம்பி. வீட்டுக்கடன் யார் தலையில்? 2016 மே மாதம் இந்திய அரசு லிபியாவுக்குப் போக முழுத் தடை போட்டது. அப்போது வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. பாக்கி இருக்கிற இடத்தை விட்டு எந்த நர்ஸ் வருவாள்? கைக்கு வந்ததையும் அனுப்புவது லேசாக இல்லை. அப்போது சர்க்கார் விலை டாலருக்கு 1.4 தினார், தெருவில் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2019 ஏப்ரலில் சுஷ்மா ஸ்வராஜ், சொந்தக்காரர்களைக் கிளம்பச் சொல்லுங்கள், பிறகு எங்களால் அழைத்துவர முடியாது என்று கேட்டுக்கொண்டார். அம்மா இமோ போன் ஆப்பில் அதை வாசித்துக் காட்டி அழுதார்கள். நான் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்தும்.

மகளுக்கு லிபியாவில் வேலை என்று ஏஜென்ட் சொல்கிறார். அனுப்பலாமா?
— ஒரு தகப்பனார், தேங்காப்பட்டணம்

முதலில் வெளியுறவுத் துறையின் இப்போதைய அறிவிப்பைப் பாருங்கள். இ-மைக்ரேட் (வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இணையதளம்) பதிவு இல்லாமல் துபாய் வழி, துனிஸ் வழி என்று யார் சொன்னாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். என்னை அனுப்பிய ஆள் காட்டிய ஒப்பந்தம் ஒன்று, அங்கே போய்க் கையெழுத்துப் போட்டது வேறொன்று.

அந்த ஹாஜா என்ன ஆனார்? (இதைக் கேட்டது யாருமில்லை, டைப் செய்து தரும் என் அண்ணன் மகள்.)

சண்டை முடிந்ததும் வீட்டைப் பார்க்க மகன் கிளம்பினான். பின்வாங்கியவர்கள் கண்ணிவெடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவர்கள், பிரிட்ஜைத் திறந்தவர்கள் என்று தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஹாஜா அவனை விடவில்லை. வெடி எடுப்பவர்கள் அந்தத் தெருவுக்கு வரும் வரை கார்ச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு என் மெஷினில் வந்து படுப்பார். நான் ஊருக்கு வரும்போது சாவி இன்னும் பையில்தான் இருந்தது.