பச்சோந்திக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: என் 14 வயது மகன் ஒரு பச்சோந்தி வளர்க்கிறான். ‘வெய்ல்டு’ வகை என்று கடையில் சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பத்து மாத வயது இருக்கும். பதினோரு நாளாக அது மலம் கழிக்கவில்லை. ஒரு வாரமாகச் சாப்பாடும் குறைந்துவிட்டது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. எப்போதும் உச்சிக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பிராணி, இப்போது தரைக்கு இறங்கி மூலை மூலையாக அலைகிறது. கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரைத் தொடுவதே இல்லை. ஊரில் இருக்கும் என் மாமியார் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். இணையத்தில் பார்த்தால் வெந்நீர்க் குளியல் என்று போட்டிருக்கிறது. எதைச் செய்வது?
– ஒரு வாசகி, மிசிசாகா, கனடா

பதில்: விளக்கெண்ணெய் வேண்டாம், சகோதரி. மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள். பச்சோந்தியின் மூச்சுக்குழல் வாயின் அடித்தளத்திலேயே திறக்கிறது. வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். எண்ணெய் அங்கே போனால் நிமோனியாதான். அது தப்பித்து வயிற்றுக்குப் போனாலும், உள்ளே அடைப்பு இருந்தால் பேதி மருந்து குடலை வீணாக முறுக்கிப் பார்க்கும், அவ்வளவுதான்.

குளியலும் வேண்டாம். இது மரத்திலேயே வாழும் பிராணி. தண்ணீரில் இறக்கினால் உயிருக்குப் போராடுவதாக நினைத்துக்கொள்ளும். அந்தப் பதற்றத்தில் சில சமயம் மலம் வந்துவிடும், உடனே “வேலை செய்தது” என்று எழுதிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் மலச்சிக்கலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ, தரைக்கு இறங்கி அலைகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் உறுத்துகிறது. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அதன் பின்னங்காலைப் பாருங்கள். பாதத்தின் பின்புறம், குதிகால் இருக்க வேண்டிய இடத்தில், சின்ன முள் போல ஒரு மேடு துருத்திக்கொண்டு இருக்கிறதா? வெய்ல்டு வகையில் ஆண்களுக்கு முட்டையிலிருந்து வெளிவரும்போதே அது இருக்கும், பெண்களுக்கு இருக்காது. முள் இல்லை என்றால் உங்கள் வீட்டில் இருப்பது பெண். அதன் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் முட்டைகள்.

ஆணே இல்லாமல் முட்டையா என்று கேட்பீர்கள். ஆமாம். வீட்டுக்கோழி சேவல் இல்லாமலே முட்டையிடுவது போலத்தான். ஏமன், சவுதி அரேபியா மலைப்பகுதிகளைச் சேர்ந்த இந்த வகைப் பெண்கள் ஆறு மாத வயதுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கருவுறாத முட்டைகளைச் சுமக்கத் தொடங்கலாம். ஒரு முறைக்கு 20 முதல் 70 வரை கூடப் போகும். நிறையத் தீனி கொடுத்தால் முட்டைகளும் நிறைய. இடுவதற்குச் சில நாள் முன்பு சாப்பாட்டைக் குறைக்கும், வயிறு வீங்கும், தோண்ட மண் தேடித் தரையில் அலையும். மண் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். முட்டைகள் குடலை நெருக்குவதால் மலமும் நின்றுபோகும். பார்ப்பவர்களுக்கு அது மலச்சிக்கலாகத் தெரியும். இப்படி முட்டை அடைத்துக்கொண்டு இறக்கும் பெண் பச்சோந்திகள் நிறைய.

பெண் என்று தெரிந்தால் இன்றே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஓர் அடி ஆழத்துக்குக் குழந்தைகள் விளையாடுவதற்கென்று விற்கும் மணலை நிரப்பி, ஈரமாக்கி, கூண்டுக்குள் வையுங்கள். விரலால் ஒரு குகை குடைந்தால் இடிந்து விழாமல் நிற்க வேண்டும், அந்த அளவுக்கு ஈரம். அப்புறம் கூண்டைச் சுற்றித் துணி போட்டு மறைத்துவிடுங்கள். இதை மகனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால், பாதியில் விட்டுவிட்டு ஏறிப் போய்விடும். ஆர்வம் தாங்கவில்லை என்றால் துணியில் ஓர் ஓட்டை போட்டுப் பார்க்கட்டும். தொட்டி வைத்து ஓரிரண்டு நாளில் தோண்டவில்லை, அல்லது தோண்டிவிட்டு முட்டையிடாமல் சோர்ந்து கிடக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

சரி, முள் இருக்கிறது, ஆண்தான் என்றால்? அப்போதும் வாயைத் திறப்பதற்கு முன்னால் கூண்டைத்தான் பார்க்க வேண்டும். பச்சோந்தியின் வயிறு வெளிச்சூட்டில் ஓடுகிறது. வெயில் காயும் கிளையில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடு இருந்தால்தான் தின்ற பூச்சி செரிக்கும். அது குறைந்தால் செரிக்காத பூச்சி உள்ளேயே கிடந்து அழுகும், சில சமயம் முழுசாக வெளியே கக்கிவிடும். கனடாக் குளிரில், ஜன்னல் ஓரம் வைத்த கூண்டில் இது சாதாரணமாக நடக்கும். சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள். அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். துப்பாக்கி போலப் பிடித்து அளக்கும் கருவி ஒன்று வாங்கி, பிராணி உட்காரும் கிளையையே அளந்து பாருங்கள். இரவில் சூடு குறைவது நல்லதுதான். சிவப்பு பல்பு எதுவும் எரிய வேண்டாம், இருட்டில் தூங்கட்டும்.

அடுத்து தண்ணீர். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை இவை பெரும்பாலும் தண்ணீராகவே கண்டுகொள்ளாது. இலையில் உருண்டு மின்னும் சொட்டுதான் இவற்றுக்குத் தண்ணீர். காலையும் மாலையும் சில நிமிடங்கள் விடாமல் தெளிக்க வேண்டும், அவசரமாக இரண்டு தெளிப்பு போதாது. குடிக்கத் தொடங்கவே நேரம் எடுத்துக்கொள்ளும். அடியில் ஓட்டை போட்ட டம்ளரைக் கூண்டின் மேலே வைத்து இலைமேல் சொட்ட விட்டாலும் சரி. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்று உங்கள் உதடே சொல்லும்.

தண்ணீர் போதுமா என்பதை மலத்தில் பார்க்கலாம். அதில் இரண்டு பகுதி இருக்கும். பழுப்பு நிறத்தில் உருவாக வந்திருப்பது மலம். கூடவே வரும் வெள்ளைக் கட்டிதான் சிறுநீர், யூரேட் என்பார்கள். அந்த வெள்ளை, ஆரஞ்சு நிறமாகக் காய்ந்து வந்தால் நீர் வற்றியிருக்கிறது. பழுப்புப் பகுதி நீர்த்துப்போய் நாறினால், சளியோ ரத்தமோ கலந்திருந்தால், ஒட்டுண்ணிகளைச் சந்தேகிக்க வேண்டும். கடையில் வாங்கிய சுவர்க்கோழிப் பூச்சிகள் மூலமாகவே ஊசிப்புழுவும் காக்சிடியாவும் வந்துவிடுகின்றன. அதற்கான மருந்துகள் இணையத்தில் கிடைக்கும், வாங்காதீர்கள். எந்த ஒட்டுண்ணி என்று நுண்ணோக்கியில் பார்க்காமல் கொடுப்பது குருட்டாம்போக்கு. 100 கிராம் சொச்சம் எடையுள்ள பிராணிக்கு ஒரு சொட்டு கூடினாலும் அதிகம்தான்.

தீனியையும் கவனியுங்கள். பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலை அகலத்தைத் தாண்டக் கூடாது. சூப்பர்வோர்ம் என்று கடையில் விற்கும் பெரிய வண்டுப்புழு தினமும் வேண்டாம், அதன் தடித்த தோல் எளிதில் செரிக்காது. கூண்டில் தொட்டிச்செடி இருந்தால் மண்ணின் மேல் பெரிய கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பூச்சியை நோக்கி நீட்டும் நாக்கு மண்ணோடு, அதில் கலந்திருக்கும் பெர்லைட் என்ற வெள்ளை மணிகளையும் அள்ளிக்கொண்டு வரும், உள்ளே போனால் அடைப்பு. இந்த வகைப் பச்சோந்தி இலையும் தின்னும். அதனால் செடி எது என்பதும் முக்கியம். செம்பருத்தி நல்லது, பூவையும் விரும்பித் தின்னும். கோடையில் தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுக்கலாமே என்று மகன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்மினி ஒன்று உள்ளே போனாலும் பல்லியினங்களுக்கு உயிரே போய்விடும்.

யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு, எத்தனை மாதம் பழையது? வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் பயனுள்ள கதிர் ஓராண்டுக்குள் மங்கிவிடும். அந்தக் கதிர் இல்லாமல் கால்சியம் உடலில் சேராது. கால்சியம் குறைந்தால் எலும்பு வளைவது எல்லோருக்கும் தெரியும். குடலும் தசைதான், அதுவும் சோர்ந்துபோகும் என்பது பலருக்குத் தெரியாது. முட்டையைத் தள்ளவும் அதே கால்சியம்தான் வேண்டும்.

எப்போது காத்திருக்கவே கூடாது? பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால். கண்கள் குழி விழுந்தால். கிளையைப் பிடிக்கும் பிடி தளர்ந்தால். கழிவாயிலிருந்து சிவப்பாகச் சதை வெளியே தொங்கினால். கடைசியாகச் சொன்னதற்கு, சர்க்கரை கரைத்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் அந்தச் சதையைக் காயாமல் மூடி, அதே மணி நேரத்தில் கிளம்புங்கள். உள்ளே தள்ள முயல வேண்டாம். பச்சோந்தி நோயைக் கடைசி வரை மறைத்து வைத்துக்கொள்ளும். நம் கண்ணில் படும்போது நோய் தொடங்கி நாளாகியிருக்கும். ஆரோக்கியமான வளர்ந்த வெய்ல்டு சில நாள் மலம் கழிக்காமல் இருப்பது சகஜம். ஆனால் பதினோரு நாளும், வீங்கிய வயிறும், குறைந்த தீனியும் சேர்ந்திருப்பதால் உங்கள் பிராணியை, முள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாரமே காட்டிவிடுவது நல்லது.

நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரிடம் போனால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் செலவு. ஊர்வன பார்ப்பவரைத் தேடுங்கள். ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களின் சங்கமான ஏ.ஆர்.ஏ.வி. தன் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கிறது. குவெல்ப்பில் உள்ள ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. மிசிசாகாவிலிருந்து காரில் போகிற தூரம்தான். போகும்போது கூண்டின் படம், விளக்குகளின் பெட்டி, என்ன தீனி என்ற குறிப்பு, மலம் கிடைத்தால் ஒரே நாளுக்குள் எடுத்தது, மூடிய டப்பாவில் குளிரில் வைத்தது, எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பாதி வழியில் காரிலேயே மலம் போய்விட்டால் ஆச்சரியப்படாதீர்கள், பல பச்சோந்திகள் அப்படித்தான். அதையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்துவிட்டே திரும்புங்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்த் தோப்பில் ஒன்றைப் பிடித்து வரலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடித்து வைத்திருப்பது குற்றம்.

சகோதரி, மகனிடம் ஒரு சமையலறைத் தராசு கொடுத்து வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். தராசைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். ஊர்வன உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும், ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முட்டையிட்டுவிட்டால் அன்றைக்கே தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள், கால்சியம் பொடி தூவிய பூச்சி கொடுங்கள். முட்டைகளை எண்ணிப் பார்த்து எழுதி வைத்துவிட்டு எடுத்துவிடலாம். அடுத்த முறை தீனி எவ்வளவு என்பதை அந்த எண்ணிக்கையை வைத்து மருத்துவர் சொல்வார்.