பழைய எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சென்னையில் வெளிநாட்டு விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை மையம் ஒன்றின் எக்ஸ்ரே பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் எங்கள் இருவரையும் ஸ்பான்சர் செய்திருக்கிறான். மெடிக்கல் எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. எனக்கு 61 வயது, சுகரும் பிரஷரும் உண்டு. கணவருக்கு 66. அவருக்கு 1998-ல் டி.பி. வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானது. ‘அதைப் பற்றி அங்கே வாயே திறக்காதீர்கள், விசா போய்விடும்’ என்கிறார் சம்பந்தி. ராத்திரி தூக்கம் வரவில்லை. அங்கே என்னவெல்லாம் செய்வார்கள்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவர் விஷயம். சொல்லிவிடுங்கள். டாக்டர் கேட்கும் முன்பே சொன்னாலும் நல்லதுதான். குணமான டி.பி.க்காக யாருடைய விசாவையும் கனடா மறுப்பதில்லை. நோய் இப்போது உடம்பில் வேலை செய்கிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. அப்படியே இருந்தாலும் கதவு மூடிவிடாது, சிகிச்சையை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள்.

உங்கள் சம்பந்தி நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் மறைக்க நினைத்தாலும் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். டி.பி. ஆறிய பிறகும் பலருக்கு நுரையீரலில் வடு நின்றுவிடும், பெரும்பாலும் மேல் பகுதியில், காறை எலும்பை ஒட்டி. ஒருமுறை ஒரு பெரியவர் படிவத்தில் ‘டி.பி. வந்ததில்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். படத்தில் வலது பக்கம் மேலே நூல் நூலாக வெள்ளைக் கோடுகள், நடுவே இரண்டு சுண்ணாம்புப் புள்ளிகள். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கல்யாணத்துக்கு முன்பு வந்தது, வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கே தெரியாது என்று சொல்லி அழுதுவிட்டார். மறுநாள் தம்பி வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். உள்ளே 1989 தேதி போட்ட எக்ஸ்ரே. ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததை மெதுவாகப் பிரித்து, வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். அதே கோடுகள், அதே இரண்டு புள்ளிகள். இத்தனை வருடத்தில் எதுவும் மாறவில்லை. டாக்டருக்கு வேண்டியிருந்தது அந்தப் படம்தான். அதற்குப் பிறகும் விதிப்படி சளி எடுத்தார்கள், நெகட்டிவ் வந்தது, அவரும் மனைவியும் நல்லபடியாக வெளிநாடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால் வீட்டில் தேடிப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே, மாத்திரை அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லையா, எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாதம், முழுதாக முடித்தாரா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சமீப காலத்தில் சிகிச்சை எடுத்தவர்கள் நிக்ஷய் எண்ணையும் (அரசின் டி.பி. பதிவில் நோயாளிக்குக் கொடுக்கும் எண்) சேர்த்துக்கொள்ளலாம்.

படத்தில் வடு தெரிந்தால் சளி கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து, காலையில், ஒன்றும் சாப்பிடாமல். வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமித் துப்ப வேண்டும். வெறும் எச்சிலைத் துப்பினால் பயனில்லை. கிருமி வளர்கிறதா என்று ஆறு முதல் எட்டு வாரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். ‘ரிஜக்ட் ஆகிவிட்டது போல’ என்று வீடே நொந்துபோவது இந்த எட்டு வாரத்தில்தான். அது காத்திருக்கும் காலம், அவ்வளவுதான். அதுவரை டிக்கெட் போடாதீர்கள், வீட்டை யாருக்கும் காலி செய்து கொடுக்காதீர்கள். எல்லாம் சரியாக வந்தாலும், கனடாவில் இறங்கி 30 நாளுக்குள் அங்குள்ள சுகாதாரத் துறையிடம் தெரிவிக்கச் சொல்லி ஒரு தாள் கொடுக்கலாம். அது கண்காணிப்புக்கு, தண்டனை இல்லை. தவறாமல் செய்துவிடச் சொல்லுங்கள்.

டி.பி. வந்ததைச் சொல்ல வெட்கப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். டி.பி. நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு. உங்கள் கணவர் ஆறு மாதமும் விடாமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

சரி, இப்போது உங்கள் விஷயம். சாதாரண மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் சுகருக்கும் பிரஷருக்கும் விசா நிற்பது அபூர்வம். பெற்றோர் விஷயத்தில், இவர்களுடைய மருத்துவச் செலவு தன் நாட்டுக்கு மிக அதிகமாகுமா என்றும் கனடா பார்க்கும். டயாலிசிஸ் மாதிரி பெரிய செலவுகளை மனதில் வைத்துச் செய்த விதி அது. 2018-ல் அந்தச் செலவு வரம்பை மூன்று மடங்காக உயர்த்திவிட்டார்கள். உங்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய கிரியாட்டினின் பார்ப்பார்கள், மூன்று மாத சராசரி சுகரும் கேட்கலாம். அன்று காலை பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டே போங்கள். ‘டெஸ்ட்டுக்குப் போகிறோமே’ என்று நிறுத்திவிட்டு, 180-க்கு மேல் ஏறி, மறுநாள் திரும்ப வந்தவர்கள் நிறையப் பேர். மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள், அல்லது அட்டைகளையே பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், வந்த கடிதம், மூக்குக்கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

உங்கள் குடும்ப டாக்டரிடம் இதைச் செய்ய முடியாது. கனடா அங்கீகரித்த பேனல் டாக்டர் பட்டியலில் உள்ளவரிடம்தான், கடிதம் வந்த 30 நாளுக்குள் போக வேண்டும். உயரம், எடை, கண் பார்வை, பிரஷர் பார்ப்பார்கள். நெஞ்சு, வயிறு, கை கால் பார்ப்பார்கள். சிறுநீர், ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் எல்லாப் பெரியவர்களுக்கும் பார்ப்பதுதான், உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை. பெண்கள் பலர் கேட்கக் கூச்சப்படுவதை நானே சொல்லிவிடுகிறேன். பிறப்புறுப்பைப் பரிசோதிக்கத் தேவையில்லை. பரிசோதனையின்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

எக்ஸ்ரே அறைக்குள் மட்டும் இரண்டு விஷயம். தாலி நெஞ்சுக்கு நேரே இருந்தால் தங்கம் பளீரென்று படத்தில் விழும். கழற்ற மனசு வராத அம்மாக்களிடம் நான் வற்புறுத்தியதில்லை. மேலே தூக்கி, பல்லால் கவ்விக்கொள்ளச் சொல்வோம், ஐந்து நொடி வேலை. அடுத்தது பின்னல். தோளில் விழுந்து கிடக்கும் பின்னல் நுரையீரலின் மேல் முனையில் நிழல் போடும், டி.பி. தேடும் அதே இடத்தில். அன்று முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போங்கள். பலகையில் மார்பை ஒட்டி நின்று, தாடையை மேலே வைத்து, தோள்களை முன்னால் உருட்டச் சொல்வார்கள். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்றதும் நன்றாக இழுங்கள். அரைகுறை மூச்சில் எடுத்த படத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வரும்.

ரிசல்ட் நேராக கனடாவுக்கு இணையத்தில் போய்விடும். டாக்டர் பரிசோதிக்கத்தான் செய்வார், முடிவு அவர் கையில் இல்லை. மெடிக்கல் 12 மாதம் செல்லும்.

கேள்வி: அண்ணன் போட்ட மனு இத்தனை வருடம் கழித்து வந்திருக்கிறது, அமெரிக்கா போகிறோம். 7 வயது மகனுக்கு பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போட்டிருக்கிறோம். டி.பி. டெஸ்ட்டில் அதனால் பாசிட்டிவ் காட்டுமா?
- வாசகர், கோவை

பதில்: காட்டாது. 2 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் எடுப்பது ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. பி.சி.ஜி. குழப்புவது கையில் ஊசி போட்டுப் பார்க்கும் தோல் பரிசோதனையைத்தான். பாசிட்டிவ் வந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். படம் சுத்தமாக இருந்து, பிள்ளைக்கு வேறு தொந்தரவும் இல்லையென்றால் பயணம் நிற்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியது தடுப்பூசி அட்டையை. நம் அரசு அட்டவணையில் இருப்பது எம்.ஆர்., தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். அமெரிக்கா பொன்னுக்கு வீங்கிக்கும், சின்னம்மைக்கும் சேர்த்துக் கேட்கிறது. இரண்டுமே அரசு அட்டையில் இருக்காது. சின்னம்மை ஏற்கெனவே வந்து போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதைக் குறித்துக்கொள்வார்.

கேள்வி: நான் ஐந்து மாத கர்ப்பிணி. கணவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: போனதும் முதல் வேலையாக வரவேற்பிலேயே கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள். மற்றவற்றை முடித்துக்கொண்டு, எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். விசா அதுவரை காத்திருக்கும். உங்கள் மகப்பேறு டாக்டரைக் கேட்காமல், அவசரத்துக்காக யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: பத்தாயிரம் கொடுத்தால் மெடிக்கலை ‘பாஸ்’ பண்ணித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். உண்மையா?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: பொய். உங்களை அங்கேயே படம் பிடித்து, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, ரிசல்ட்டை நேரே ஏற்றுகிறார்கள். நடுவில் புரோக்கர் கை வைக்க இடமே இல்லை. பிடிபட்டால் பொய்த் தகவல் கொடுத்ததாக உங்கள் பெயரில்தான் பதிவாகும், அவர் பெயரில் அல்ல. அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மகள் லண்டனில் ஒரு வருட எம்.எஸ்சி. படிக்கப் போகிறாள். அவளுக்கும் இதெல்லாம் உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் டி.பி. பரிசோதனை மட்டும், அதுவும் பிரிட்டன் அங்கீகரித்த மையத்தில். சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும், விசாவுக்கு மனு போடும் நாளில் அது காலாவதி ஆகாமல் இருக்கும்படி நாளைக் கணக்குப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.