பாரிஸிலிருந்து லண்டனுக்கு இருபது நிமிடமா?

பாரிஸின் புறநகரான லா கூர்னவிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: சனிக்கிழமை காலை பத்து மணி முகூர்த்தத்துக்கு ஆறு வயது மகளுடன் லண்டன் வெம்பிளியில் இருக்க வேண்டும், முகவர் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் 7.30-க்குப் புறப்பட்டு 7.50-க்கு லண்டன் லூட்டனில் இறங்குவதாக இருக்கிறது. 340 கிலோமீட்டரை விமானம் இருபது நிமிடத்தில் கடந்துவிடுமா, முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியுமா?

கடக்காது. டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி குறிக்கப்பட்டவை. பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருப்பதால் உங்கள் பயணம் உண்மையில் 1 மணி 20 நிமிடம். திரும்பும்போது இதே பயணம் 2 மணி 20 நிமிடம் போலத் தெரியும். வானில் பறப்பது ஏறத்தாழ முக்கால் மணி நேரம்தான். மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதிலும் தரையிறங்க முறை வரும்வரை காத்திருப்பதிலும் போகிறது. தாமதமானாலும் நேரத்துக்கு வந்துவிட்டதாகக் கணக்குக் காட்ட நிறுவனங்கள் கூட்டி வைத்திருக்கும் நிமிடங்களும் அதில் அடக்கம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது தூரத்தைப் பற்றியன்று, லூட்டனைப் பற்றி. 340 கிலோமீட்டர் என்பது நகரத்துக்கு நகரம் நேர்கோட்டில் அளந்தது. லூட்டன் விமான நிலையமோ லண்டன் மையத்துக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளிப் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கும் லண்டன் என்ற பெயரைச் சூட்ட எப்படி அனுமதித்தார்களோ தெரியவில்லை. அந்தப் பெயரைக் காட்டித்தான் முகவர்கள் மலிவு டிக்கெட்டை விற்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கேளுங்கள்: எல்.எச்.ஆர். என்றால் ஹீத்ரோ, எல்.டி.என். என்றால் லூட்டன். சொல்லத் தயங்கும் முகவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். பட்டுப்புடவைப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லூட்டனில் இறங்கியதும் குடிவரவுச் சோதனை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் அங்கே தானியங்கிக் கதவு வழியாக விரைவில் வெளியேறலாம். ஆனால் உங்கள் மகளைப் போன்ற சிறு பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்களை அழைத்து வருபவரும் அதிகாரியின் வரிசையில்தான் நிற்க வேண்டும். தாய் ஒரு வரிசை, தந்தை ஒரு வரிசை என்று பிரிந்து நின்றாலும் கடைசியில் பிள்ளையோடு நிற்பவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் விசாவுடன் செல்வோருக்கும் அதே வரிசை. சனிக்கிழமை காலையில் எத்தனை சாளரங்கள் திறந்திருக்கும் என்பது அதிகாரிகள் மனம் வைப்பதைப் பொறுத்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் எட்டே முக்காலுக்கு வெளியே வருவீர்கள். அங்கிருந்து ரயிலோ டாக்சியோ பிடித்து வெம்பிளி சேரும்போது தாலி கட்டும் நேரம் நெருங்கியிருக்கும். வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்பு இருந்தால் அந்த நம்பிக்கையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலையே புறப்படுவதுதான் என் பரிந்துரை. முடியாதெனில் பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து யூரோஸ்டார் ரயிலைப் பாருங்கள். பயணம் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். பிரிட்டிஷ் குடிவரவுச் சோதனை பாரிஸிலேயே முடிந்துவிடுவதால் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் இறங்கியதும் நேரே வெளியேறலாம். ஏழு மணியை ஒட்டிய ரயிலில் இடம் கிடைத்தால் லண்டன் நேரப்படி எட்டரைக்கு முன்பின் இறங்கி, மெட்ரோபாலிட்டன் சுரங்க ரயிலில் இருபது நிமிடத்தில் வெம்பிளி பார்க்கை அடைந்துவிடுவீர்கள். நிலையத்துக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள்.