14 வருடச் சிறை, 117 அத்தியாயம்: டான்டெஸ் கதை பற்றி நீங்கள் கேட்டவை

பினாங்கில் எங்கள் வாசகர் வட்டத்தில் மூன்று மாதமாக ஒரே பேச்சு: அலெக்சாண்டர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1815இல் மார்செய் துறைமுகம். எட்மன் டான்டெஸ் என்ற 19 வயது மாலுமி தன் நிச்சயதார்த்த விருந்திலேயே கைதாகிறான். இரண்டு பேரின் பொறாமை, ஒருவனின் கோழைத்தனம், ஓர் அரசு வழக்கறிஞரின் சுயநலம், எல்லாம் சேர்ந்து அவனை 14 வருடம் தீவுச் சிறையில் தள்ளுகின்றன. தப்பி வந்து, புதையல் எடுத்து, பிரபு வேடத்தில் பாரிசுக்குள் நுழைந்து ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறான். நான் இதை நான்கு தடவை படித்தவன் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அதனால் கேள்விகள் எல்லாம் என் தலையில். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஜெலுத்தோங் வாசகி: அண்ணே, ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கு. சுருக்கப் பதிப்பு போதாதா?

போதாதும்மா. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஐந்தாம் படிவம் படிக்கும்போது சௌராஸ்டா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் 5 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு, உலக இலக்கியத்தையே கரைத்துக் குடித்த மாதிரி பத்து வருடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் உள் அட்டையில் பொடி எழுத்தில் ‘சுருக்கம்’ என்று போட்டிருந்தது கண்ணில் பட்டது. நான் படித்தது எலும்புக்கூடு.

இது முதலில் புத்தகமே இல்லை, தொடர்கதை. 1844 ஆகஸ்ட் 28 தொடங்கி 1846 ஜனவரி வரை பாரிசின் ‘ஜூர்னால் தெ தெபா’ நாளிதழில் வந்தது. வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைத்த பாட்டிமார் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கா இதைப் படிக்கத் தெரியாது? ஒரு ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். ‘தொடரும்’ எங்கே விழுந்திருக்கும் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆங்கிலத்தில் வாங்குவதானால் ராபின் பஸ் மொழிபெயர்ப்பைக் கேளுங்கள், 1996இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் கஞ்சா மயக்கம், பெண்ணும் பெண்ணும் காதலிப்பது மாதிரி ‘கூச்சமான’ இடங்களை மழுப்பிவிட்டார்கள்.

பட்டர்வொர்த் தம்பி: உண்மையாக நடந்த கதையா?

ஒரு விதை உண்டு. பாரிஸ் காவல்துறை ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ழாக் பெஷே என்பவர் எழுதிவைத்த சம்பவம் அது. பிக்கோ என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளிக்குப் பணக்காரப் பெண் அமைகிறாள். பொறுக்காத கூட்டாளிகள் அவனை ஆங்கிலேய ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுக்கிறார்கள். ஏழு வருடம் சிறை. அங்கே ஓர் இத்தாலியப் பாதிரியார் இவனுக்குச் சொத்தை விட்டுச் செத்துப்போகிறார். வெளியே வந்தவன் பழிவாங்குகிறான். பெஷே சொன்னதிலேயே எவ்வளவு நிஜம், எவ்வளவு கைச்சரக்கு என்ற சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது டூமாவின் அப்பா. இன்றைய ஹைட்டியில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து, பிரெஞ்சுப் படையில் தளபதியானவர். எகிப்திலிருந்து திரும்பும் வழியில் இத்தாலியில் பிடிபட்டு இரண்டு வருடம் சிறையில் கிடந்து, உடம்பு கெட்டு வெளியே வந்தார். 1806இல் அவர் இறந்தபோது மகனுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. சிறையில் ஓர் ஆள் எப்படி உருமாறுகிறான் என்பதை டூமா எங்கிருந்து எடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: ஜெரெஜாக் தீவைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறவன் நான். அந்தத் தீவுச் சிறை பற்றிச் சொல்லுங்களேன்.

நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் படித்தேன். நம் ஜெரெஜாக் முதலில் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த இடம். 1969 முதல் 1993 வரை சிறை. கரையிலிருந்து பார்த்தால் நீந்திப் போய்விடலாம் போலத்தான் இருக்கும். மார்செய்க்கு எதிரே உள்ள ஷாத்தோ தீஃப் கோட்டையும் அந்த ரகம்தான். ஊர் கண்ணெதிரே தெரியும், போக முடியாது. இன்றைக்கு அங்கே படகில் சுற்றுலா போகிறார்கள். கற்பனைப் பாத்திரமான டான்டெஸின் அறை என்று ஒன்றைக் காட்டவும் செய்கிறார்கள்!

அந்தச் சிறைப் பகுதியை ஓட்டிப் படிக்காதீர்கள். பக்கத்து அறைக் கைதி அபே ஃபாரியா (‘அபே’ என்றால் பாதிரியார்) வருடக்கணக்கில் சுரங்கம் தோண்டுகிறார். கணக்குப் பிசகி, கடலோரச் சுவருக்குப் பதில் டான்டெஸின் அறைக்கு வந்து சேர்கிறார். அவர் எழுதும் விதத்தைக் கவனியுங்கள். தாள் கிடையாது, சட்டைத் துணி. பேனா, சாப்பாட்டில் வரும் மீன் தலையின் குருத்தெலும்பு. மை, ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும் திராட்சை மதுவில் குழைத்த புகைக்கரி. கிழவர் இறந்ததும் டான்டெஸ் பிணத்தைத் தன் படுக்கைக்கு மாற்றிவிட்டு, பிணச்சாக்குக்குள் தான் புகுந்து உள்ளிருந்தே தைத்துக்கொள்கிறான். புதைத்ததும் மண்ணைக் கிளறி வெளியே வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. காலில் எதையோ கட்டுகிறார்கள், தூக்கி வீசுகிறார்கள். அந்தச் சிறைக்குக் கல்லறையே கடல்தான். கட்டியது 36 பவுண்டு பீரங்கிக் குண்டு. இரவு ஃபெரியில் வந்துகொண்டே இந்த இடத்தைப் படித்தேன். கீழே தண்ணீரைப் பார்க்கவே மனம் வரவில்லை.

ஆயர் ஈத்தாம் அம்மா: ஃபாரியா இந்தியராமே?

பெயர் மட்டும் இந்தியாவிலிருந்து வந்ததும்மா. நிஜ அபே ஃபாரியா 1756இல் கோவாவில் பிறந்து, பாரிசில் மனோவசியம் பற்றிப் பேசிப் புகழ்பெற்றவர். நாவலில் வருபவர் இத்தாலியர்.

பெயர் போடாத ஒருவர்: ரோம் அத்தியாயங்களில் கொட்டாவி வருது லா. தாண்டிவிடலாமா?

கொட்டாவி எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. காரணமும் உண்டு. டூமா கதையை ரோமில்தான் தொடங்க நினைத்திருந்தார். முன்கதையைப் பிறகு போகிற போக்கில் சொல்வதாகத் திட்டம். மார்செய்யையும் சிறையையும் விரிவாக எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவர் கூட வேலை செய்த ஓகுஸ்த் மாக்கே. அந்த மனிதரின் பெயர் அட்டையில் ஏறவே இல்லை. பின்னால் வழக்குப் போட்டார், பணம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ரோமைத் தாண்டாதீர்கள், வேகமாக நடந்துவிடுங்கள். கொள்ளைக்காரன் லூயிஜி வாம்பாவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படுவான்.

அதே ஜெலுத்தோங் வாசகி: உங்களுக்குப் பிடித்த பழிவாங்கல் எது?

தந்திக் கோபுரக் காட்சி. அப்போது மின்தந்தி பரவவில்லை. கோபுர உச்சியில் மரக்கைகளை ஆட்டி, கோபுரத்துக்குக் கோபுரம் செய்தி கடத்துவார்கள். அதில் ஒரு கடைநிலை ஊழியர். தான் அனுப்பும் செய்தி என்னவென்றே அவருக்குத் தெரியாது. அது வசதி என்கிறார், பொறுப்பு இல்லையாம். அவருக்கு இருக்கும் ஒரே கவலை, தோட்டத்துப் பீச் பழங்களைத் தின்னும் எலி போன்ற பிராணிகள். பிரபு பழத்தோட்டம் பற்றி அன்பாகப் பேசிவிட்டு 25,000 பிராங்கை நீட்டுகிறார். ஒரே ஒரு பொய்ச் செய்தி போகிறது. பொறாமையில் டான்டெஸை மாட்டிவிட்ட இருவரில் ஒருவனான, இப்போது வங்கி முதலாளியாகிவிட்ட டாங்ளார் பதறிப்போய்ப் பத்திரங்களை விற்று நட்டப்படுகிறான். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை.

அதே டாங்ளாரைக் கடைசியில் வாம்பாவின் ஆட்கள் பிடித்துவைத்து, ஒரு கோழிக்கு ஒரு லட்சம் பிராங்க் கேட்கிறார்கள். நம் நாசி கண்டார் கடைக்காரரே தட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்லும்போது லேசாக நடுங்குகிறது. அவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஆசிரியை ஒருவர்: டான்டெஸுக்கு நிச்சயித்த மெர்சிடிசுக்கு ஏன் அப்படி ஒரு முடிவு? அவள் என்ன தப்பு செய்தாள்?

இந்த இடத்தில் டூமாவோடு எனக்குச் சண்டை உண்டு, டீச்சர். காதலன் செத்துவிட்டான் என்று நம்பி, ஆதரவில்லாமல் இன்னொருவனைக் கட்டினாள். அவன்தான் காட்டிக்கொடுத்த கடிதத்தைத் தபாலில் சேர்த்தவன் என்பது அவளுக்குத் தெரியாது. வேடம் போட்டு வந்த டான்டெஸை முதலில் அடையாளம் கண்டவளும் அவள்தான், குரலை வைத்தே. பிரபுவுக்குக் கோடி கோடியாகச் சொத்து. அவளுக்குக் கிடைப்பதோ, மார்செய் வீட்டுத் தோட்டத்து அத்தி மரத்தடியில் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்காக அவன் புதைத்துவைத்த 3,000 பிராங்க். அந்தப் பணம்தான் சுத்தமான பணம் என்று ஒரு நியாயம் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

பட்டர்வொர்த் தம்பி மறுபடி: அப்போ பழிவாங்கியது சரியா, தப்பா?

டான்டெஸைச் சிறைக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞர் வில்ஃபோர் வீட்டில், அவரது சின்னப் பையன் எதுவார் செத்துக் கிடக்கும் இடத்தை மறுபடி படி. கடவுளே என்னை அனுப்பினார் என்று மிதப்பில் இருந்த பிரபுவுக்கு அங்கேதான் முதல் தடவையாகக் கை நடுங்குகிறது. சந்தேகம் தாங்காமல் பழைய சிறைக்கே போய் நிற்கிறார், தான் கிடந்த குழியைப் பார்த்தாவது கோபம் திரும்புமா என்று. பழிவாங்கும் கதை எழுதிய ஆளே நாயகனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார் பார், அதற்காகத்தான் நான் நான்கு தடவை படித்தேன்.

இன்னொருவர்: அண்ணே, உங்கள் பிரதி இரவல் கிடைக்குமா?

இரண்டாம் பாகம் வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் பாகத்தை எட்டு மாதத்துக்கு முன் வட்டத்தில் ஒருவர் ‘அடுத்த வாரம் தந்துடுறேன்’ என்று வாங்கிப்போனார். யாரென்று அவருக்கே தெரியும். பிரபு 14 வருடம் பொறுத்தார், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.