கணினி கேள்வி – பதில்: ராஸ்பெர்ரி பைக்கு டேப்லெட் திரை

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி வாங்கினேன், மானிட்டர் இல்லை. எச்டிஎம்ஐ – டைப்-சி கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இணைத்தால் படமே வரவில்லை. டேப்லெட் பழுதா?
– வாசகர், தேனி

பழுதில்லை. டேப்லெட்டின் டைப்-சி வழியே படம் வெளியே போகும், அதுவும் சில மாடல்களில்தான். பெரும்பாலான டேப்லெட்களில் நேரடியாக உள்ளே வர வழி கிடையாது. அவற்றில் எந்தக் கேபிள் வாங்கினாலும் இதே கதைதான், இனி அதில் காசைப் போடாதீர்கள்.

வாங்க வேண்டியது எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு. பென்டிரைவ் அளவுதான் இருக்கும். பையின் படத்தை வெப்கேம் படம்போல மாற்றி டேப்லெட்டுக்குத் தரும். கூடவே டேப்லெட்டில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி அடாப்டர் ஒன்றும், பை 4-க்கான மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிளும் வேண்டும். பிளே ஸ்டோரில் யூஎஸ்பி கேமரா ஆப் ஒன்றைப் போட்டு, கேமரா அனுமதி கொடுங்கள். முதலில் கார்டை டேப்லெட்டில் செருகி ஆப்பைத் திறந்துவிட்டு, அதன் பிறகு பைக்கு கரண்ட் கொடுங்கள். பவர் சாக்கெட்டை ஒட்டியுள்ள எச்டிஎம்ஐ போர்ட்டையே பயன்படுத்துங்கள். பைக்குத் தனி 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் அவசியம். சில டேப்லெட்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் ஆன் செய்தால்தான் கார்டு தெரியும், அதையும் பார்த்துவிடுங்கள்.

டைப்-சி உள்ள ஐபேடிலும் ஐபேட்ஓஎஸ் 17 முதல் இதே கார்டு வேலை செய்யும்.

கேள்வி: கார்டு டப்பாவில் 4கே என்று போட்டிருக்கிறது. ஆனால் எழுத்தெல்லாம் மங்கல், மவுஸும் பின்தங்கி வருகிறது. ஏன்?
– வாசகி, சேலம்

அந்த 4கே, கார்டு வாங்கிக்கொள்ளும் படத்தின் அளவு. வெளியே தருவது 1080 (1920 × 1080 புள்ளிகள்) வரைதான். மலிவு கார்டுகள் யூஎஸ்பி 2.0, அதன் உச்சவேகமே நொடிக்கு 480 மெகாபிட். சுருக்காத 1080 படம் நொடிக்கு 30 ஃபிரேம் போக ஏறத்தாழ 1,000 மெகாபிட் தேவை. அதனால் ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் போலச் சுருக்கி அனுப்புகிறது. சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் கரைவது அதனால்தான். பையிலேயே திரையளவை 1280 × 720 ஆகக் குறைத்து, ஆப்பிலும் அதையே தேர்ந்தெடுங்கள். எழுத்து பெரிதாகும், பல கார்டுகளில் 60 ஃபிரேமும் கிடைக்கும். தாமதம் குறையுமே தவிர முழுதாகப் போகாது. கேம் ஆட இது சரிப்படாது.

கேள்வி: டச்சும் வேலை செய்ய வேண்டும், வைஃபை இல்லாத இடத்தில்.
– வாசகர், காரைக்குடி

கேப்சர் கார்டில் டச் திரும்பிப் போகாது. உங்களுக்கு யூஎஸ்பி டெதரிங்தான், அதாவது கேபிள் வழியே இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைப்பதுதான் ஏற்றது. பையின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து டேப்லெட்டுக்கு டேட்டா கேபிள் போட்டு, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். அந்த ஆப்ஷன் மங்கலாகவே இருந்தால், அனேகமாக அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். பையில் ராஸ்பை-கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் கருவியைத் திறந்து, இன்டர்ஃபேஸ் ஆப்ஷன்ஸில் வீஎன்சியை (ஒரு கணினியின் திரையை இன்னொன்றில் பார்த்து இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். டிஸ்பிளே ஆப்ஷன்ஸில் வீஎன்சி ரெசல்யூஷனையும் குறித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். இதை மட்டும் முதல்முறை டிவியிலோ கேப்சர் கார்டிலோ பார்த்துச் செய்ய வேண்டியிருக்கும். பிறகு டேப்லெட்டின் வீஎன்சி ஆப்பில் பையின் ஐபி முகவரியைக் கொடுத்தால் போதும்.

சிக்கல்கள் நான்கு. கேபிளைப் பிடுங்கினால் டெதரிங் ஆஃப் ஆகிவிடும், ஒவ்வொரு முறையும் ஆன் செய்ய வேண்டும். புதிய ஆண்ட்ராய்டில் ஐபி மாறக்கூடும், நெட்வொர்க் ஸ்கேனர் ஆப் ஒன்று கைவசம் இருக்கட்டும். டேப்லெட் பையிலிருந்து சார்ஜ் ஏற்றப் பார்க்கும். பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் என்பதால், டேப்லெட்டை முன்பே முழுசாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். திரை மூலையில் மின்னல் குறி வந்தால் வோல்டேஜ் இறங்குகிறது என்று பொருள். சிம் போட்ட டேப்லெட் என்றால், பை அப்டேட் இறக்கும்போது உங்கள் டேட்டாதான் கரையும்.

பை பூட் ஆகும்போது வரும் பிழைச் செய்திகள் வீஎன்சியில் தெரியாது. பழுது பார்க்கக் கேப்சர் கார்டு, தினசரி வேலைக்கு வீஎன்சி என்று இரண்டும் வைத்துக்கொள்வதே என் சிபாரிசு.

கேள்வி: போர்டு செத்துப்போன டேப்லெட்டின் பேனலை பையின் டிஎஸ்ஐ சாக்கெட்டில் (திரையை இணைக்கும் சாக்கெட்) நேரே மாட்டலாமா?
– வாசகர், ஓசூர்

மாட்டாதீர்கள். கனெக்டர் பின்களின் வரிசை, வோல்டேஜ், டிரைவர் எதுவும் பொருந்தாது. பேனலைக் கழற்றி, பின்புறமுள்ள மாடல் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுக்கென்றே எச்டிஎம்ஐ கன்ட்ரோலர் போர்டு விற்றால் மட்டும் வாங்குங்கள். 3, 4-ஆம் தலைமுறை ஐபேட்களின் 2048 × 1536 பேனலுக்கு அப்படி போர்டு கிடைக்கிறது.