சாமைப் புலாவ் குழையாமல் வர வழி என்ன? கேரட், பீன்ஸ் தவிர வேறு என்ன காய் போடலாம்?

சிறுகிழங்கு போடுங்கள்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நெல்லிக்காய் அளவில், மண் அப்பிய கறுப்புத் தோலோடு இருக்கும். மார்கழி தொடங்கி மாசி வரைதான் வரத்து. சென்னையில் மலையாளிகள் நடத்தும் காய்க்கடையில் ‘கூர்க்க’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கற்பூரவல்லிக்கு நெருங்கிய சொந்தம். அதனால்தானோ என்னவோ, உருளையில் இல்லாத ஒரு வாசம் இதற்கு உண்டு. அந்த வாசத்துக்காகத்தான் புலாவில் போடுகிறேன். பிரியாணி மசாலாவைக் கொட்டி அதை மூடிவிடாதீர்கள்.

முதல் தடவை நான் செய்தது புலாவே இல்லை. பச்சைக் கிழங்கையும் சாமையையும் ஒன்றாகப் போட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் சாமை வெந்துவிட்டது, கிழங்கு நறுக்கென்று நின்றது. இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று ஊற்றி, கடைசியில் களி. அம்மாவுக்குப் போன் போட்டால், “கிழங்க அவிச்சிட்டுல்லா போடணும்” என்று சிரிக்கிறாள்.

இதில் பெரிய வேலை தோல்தான். ஊரில் ஆச்சி கிழங்கை ஈரச் சாக்கில் கட்டி, துவைக்கிற கல்லில் புரட்டிப் புரட்டி அடிப்பாள். பாதித் தோல் சாக்கோடு போகும். மீதியைச் சுரண்டி முடிக்கும்போது விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும், ரெண்டு நாளைக்குப் போகாது. அடுக்குமாடி வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு மணி நேரம் ஊறவைத்து, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, உப்புப் போட்டுத் தோலோடு குக்கரில் ஒரு விசில் விடுகிறேன். ஆறியதும் நசுக்கினால் தோல் கழன்று வரும். இப்படி உரித்தால் ருசி குறைவு என்பாள் அம்மா. எனக்குத் தெரியவில்லை.

சாமை தீட்டாததாக இருக்கட்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சாமையில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

ஒரு டம்ளர் சாமைக்குக் கால் கிலோ கிழங்கு. சாமையைக் கழுவி அரை மணி ஊறவைத்து, நன்றாக வடித்துவிடுங்கள். நல்லெண்ணெயும் நெய்யும் காய்ந்ததும் சின்னத் துண்டுப் பட்டை, ரெண்டு கிராம்பு, கீறிய பச்சை மிளகாய், இஞ்சி, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம். வதங்கியதும் பாதியாக நறுக்கிய கிழங்கைப் போட்டு, வெட்டிய பக்கம் பொன்னிறமாகும் வரை விடுங்கள். பிறகு சாமையைச் சேர்த்து, ஒட்டாமல் உதிரும்வரை மெதுவாகப் புரட்டி, உப்பும் ஒன்றே முக்கால் டம்ளர் கொதிக்கிற தண்ணீரும். இனிமேல் கரண்டி உள்ளே போகக் கூடாது. மூடி, சிறுதீயில் பத்து நிமிடம். அடுப்பை அணைத்து இன்னும் பத்து நிமிடம். ஆவி அடங்குமுன் திறந்து கிளறினால் அங்கேயே குழைந்துவிடும். பொறுக்க முடியாதவர்கள் அந்த நேரத்தில் வெங்காயத் தயிர்ப் பச்சடிக்கு நறுக்கலாம்.